எழுபத்தெட்டு மைல் வீச்சு

அத்தியாயம் பதினொன்று

ஒன்பது மாதத்தில் மாமனார் முழுதாகப் பேசிய வாக்கியங்கள் மூன்று. மூன்றாவது, போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் வந்தது.

"சின்னவ, பெரியவளோட டிரைவர்லதான் ஆடுவா."

அத்தை குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். சின்னவள் தட்டைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தேன். மறுத்துப் பேசினால் மனிதர் மறுபடி வாயை மூடிக்கொள்வாரோ என்று எல்லோருக்கும் பயம்.

பெரியவள் என் மனைவி. ஒன்பது மாதம் முன்னால் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள். அவ்வளவுதான். சின்னவள் அவளுடைய தங்கை. டிரைவர் என்பது கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடிக்கு எடுக்கும் மட்டை. பையில் இருப்பதிலேயே நீளமானது, தலை பெரியது. அக்கா தங்கை இருவரும் ஆடுவார்கள். அக்கா பொழுதுபோக்குக்கு. தங்கை பிடிவாதத்துக்கு.

அந்த டிரைவரைச் சேர்த்துக் கொடுத்தவன் நான். கோல்ஃப் கடையில் எனக்கு வேலையே அதுதான். ஆளின் வீச்சை அளந்து, அதற்கு எந்தத் தலை, எந்தத் தண்டு, எவ்வளவு சாய்வு என்று பார்த்துக் கொடுப்பது.

இன்று சனிக்கிழமை. மதியம் தேர்வு ஆட்டம், சின்னவளின் முறை மூன்று மணிக்கு. மண்டல அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி. ஐந்து பேர் போட்டி, ஒன்பது குழி ஆட்டம். வயது வரம்பு இருபத்திரண்டு. சின்னவளுக்கு அடுத்த மாதம் இருபத்துமூன்று. இன்றைக்கு இல்லையென்றால் என்றைக்கும் இல்லை.

காலை ஒன்பது மணிக்குக் கடைக் கதவைத் திறக்கும்போதே அப்பாவும் மகளும் வாசலில் நின்றார்கள். மாமனார் கையில் அந்த டிரைவர், ஈரம் போகத் துடைத்த குழந்தை மாதிரி துண்டில் சுற்றியிருந்தது.

"பிடி ரப்பர் தேஞ்சிருக்கு மாப்ளே. மாத்திக் குடுங்க. வேற எதையும் தொட வேண்டாம்."

நான்காவது வாக்கியம். ஐந்தாவதும் ஆறாவதும்.

"மாத்தறதுக்கு முன்னாடி பத்துப் பந்து அடிக்கட்டும் மாமா. அளந்துக்கறேன்."

அளப்பது என்று சொன்னால் மாமனார் மறுக்க மாட்டார். முப்பத்துநாலு வருடம் நில அளவையாளர். வீட்டில் பாய் விரித்தால்கூடச் சுவருக்கு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

கடையின் பின்பக்கம் அளக்கும் அறை. பச்சை விரிப்பு, எதிரே திரை, தரையில் செங்கல் அளவில் ஒரு கருவி. பந்தை அடித்தால் மட்டையின் வேகம், பந்து பறந்த தூரம், போன திசை எல்லாம் திரையில் வரும். சின்னவள் காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

முதல் பந்து.

மட்டை மேலே போனது. உச்சியில் நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு இறங்கியது.

எனக்கு அந்த நிறுத்தம் தெரியும். இரண்டு வருடம் இதே விரிப்பில், இதே வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். அது சின்னவளுடையது அல்ல.

இரண்டாவது பந்து. மூன்றாவது. இடது தோள் இறங்கும் விதம், முடிக்கும்போது வலது குதிகாலைத் தூக்கும் விதம். ஐந்தாவது பந்திலேயே நான் நிறுத்தியிருக்கலாம். எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. நிறுத்தவில்லை. பத்தும் பார்த்தேன்.

திரையில் பத்து வரிசை. அதிகத் தூரம் போனதையும் குறைந்த தூரம் போனதையும் அழித்தேன்.

"நல்லா போனதை எதுக்கு அழிக்கறீங்க?" என்றார் மாமனார்.

"அது அவ அடிச்சது இல்லை மாமா. அதுவா அமைஞ்சது. கடைக்கு வர்ற பாதிப் பேர் அந்த ஒரு அடியைப் பாத்துத்தான் மட்டை வாங்கறாங்க. அப்புறம் வருஷம் பூரா அந்த அடியைத் தேடிக்கிட்டு இருப்பாங்க."

"நாங்களும் மூணு தடவை அளப்போம்," என்றார், சக தொழிலாளியை ஒப்புக்கொள்ளும் தொனியில். "சராசரி என்ன?"

"வேகம் மணிக்கு எழுபத்தெட்டு மைல். தூரம் நூத்தியெண்பது கஜம்."

"பெரியவளோடது?"

கருவியில் அவள் கணக்கு இன்னும் இருக்கிறது. திறக்காமலே சொல்ல முடியும். திறந்தேன். எழுபத்தெட்டு. நூற்றெண்பத்தொன்று. இரண்டு வரிசையும் மேலும் கீழுமாக நின்றன.

மாமனார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். மேல் வரிசையை விரலால் தொட்டார். பிறகு கீழ் வரிசையை.

"ஒரு மைல்கூட வித்தியாசம் இல்லை," என்றார். "பாத்தீங்களா மாப்ளே? அளந்தது அளந்ததுதான். இதுக்குமேல என்ன பொருத்தம் வேணும்?"

கண்ணாடியைக் கழற்றினார். மூக்கைச் சிந்தினார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

சின்னவள் விரிப்பிலேயே நின்றாள்.

"உனக்குத் தோள் வலி எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏது அத்தான் தோள் வலி?"

"அப்ப மேலே போய் ஏன் நிக்கறே?"

கையுறையின் ஒட்டுப் பட்டையைப் பிரித்து ஒட்டினாள். பிரித்தாள்.

"உங்க அக்கா சைக்கிள்லேருந்து விழுந்து வலது தோள் கெட்டுப்போச்சு. கை மேலே போனா உள்ளே 'கிளிக்'னு கேக்கும். அது அடங்கறதுக்குத்தான் நிப்பா. நானே அவகிட்ட சொன்னேன், நின்னு அடிச்சாப் போதும்னு. அதுக்குத் தோதாத்தான் லேசான தண்டு, வளையற தண்டு போட்டேன். அவ பந்து எப்பவும் வலப்பக்கம் ஓடும். அதனால இடப்பக்கம் இழுக்கற தலையாப் பாத்துப் போட்டேன். அந்த மட்டையில ஒவ்வொண்ணும் அவ உடம்புல இருந்த கோளாறுக்கு மருந்து. உனக்கு எந்தக் கோளாறும் இல்லை. ஊரான் மருந்தை எதுக்குக் குடிக்கறே?"

"வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்," என்றாள். "நாலு மாசம். அக்கா போன்ல இருந்துச்சு."

"எதுக்கு?"

"அப்பா தினம் காலையில பயிற்சி மைதானத்துக்கு வர்றார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிப்பார். நான் என் இஷ்டத்துக்கு அடிச்சா செருப்பைப் பாத்துக்கிட்டு நிப்பார். அக்கா மாதிரி அடிச்சா நிமிந்து பாப்பார்."

"அவர் உன்னைப் பாக்கலை."

"தெரியும். இந்தப் பக்கம் பாக்கறாரே, அது போதும்."

நான் எனக்குத் தெரிந்த விஷயத்துக்குப் போனேன்.

"மூணு மணிக்கு ஆடப்போற முதல் குழிக்கு வழியில தண்ணி இருக்கு. தாண்டறதுக்கு எத்தனை கஜம்?"

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு."

"நீ இப்ப அடிச்சது?"

"நூத்தியெண்பது."

"மிச்சம் பதினஞ்சு கஜமும் நீச்சல்."

சிரித்துவிட்டாள். சிரிப்பு அவளுடையது. அதில் நகல் இல்லை.

மூன்று மட்டைகளை எடுத்தேன். தலையில் இருக்கும் பெயர், தண்டில் இருக்கும் எழுத்து எல்லாவற்றையும் நாடா ஒட்டி மறைத்தேன். எல்லா வாடிக்கையாளருக்கும் இப்படித்தான். பெயரைப் பார்த்தால் ஆள் மட்டையைக் கும்பிட ஆரம்பித்துவிடுவார், அடிக்க மாட்டார்.

"உன் மாதிரி அடி," என்றேன்.

"மறந்துபோச்சு."

"கோபமா அடி."

"யார் மேல?"

"உனக்கா ஆள் பஞ்சம்?"

வெளியே முதலாளியம்மா அவளுக்கே உரிய குரலில் யாரையோ தொலைபேசியில் வறுத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அவங்களை நினைச்சுக்கலாமா?"

"நான் தினமும் அப்படித்தான் வேலை பாக்கறேன்."

முதல் மூன்று பந்து எங்கெங்கோ போனது. உச்சியில் நிற்பதா வேண்டாமா என்று உடம்புக்குக் குழப்பம். நான்காவதில் நிற்கவில்லை. விறகைப் பிளக்கிற மாதிரி இறங்கியது. திரை அதிர்ந்தது.

தொண்ணூற்றைந்து மைல்.

"இது யாரு?" என்றாள் திரையைப் பார்த்து.

"நீதான். நாலு மாசம் கழிச்சு வந்திருக்கே."

பிறகு ஒரு மணி நேரம் வேலை. முதல் மட்டையின் தண்டு அவள் வேகத்துக்கு வளைந்து கொடுத்தது. பந்து ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. தள்ளி வைத்தேன். இரண்டாவது, விறைத்த தண்டு, சாய்வு குறைந்த தலை. நன்றாகப் பட்டால் இருநூற்று இருபத்துநாலு. சரியாகப் படாவிட்டால் பந்து எழும்பவே இல்லை. மூன்றாவதில் அதே விறைப்பு, கொஞ்சம் கனம், சாய்வு ஒன்றரை டிகிரி கூடுதல். இருநூற்றுப் பதினெட்டு. ஆனால் பத்துப் பந்தும் ஒரே பாயில் படுத்த பிள்ளைகள் மாதிரி நெருக்கமாக விழுந்தன.

"ரெண்டாவது வேணும்," என்றாள். "ஆறு கஜம் அதிகம்."

"மூணாவது."

"ஆறு கஜம் அத்தான்!"

"கண்ணை மூடிக்க. ரெண்டுல எதை அடிக்கும்போது மட்டையோட தலை எங்கே இருக்குன்னு உன் கைக்குத் தெரிஞ்சது?"

கண்ணை மூடினாள். கை காற்றில் ஒருமுறை போய் வந்தது.

"மூணாவது," என்றாள்.

"அதான் உன் மட்டை."

அப்போதுதான் கவனித்தேன். மாமனார் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. கண் திரையில் இருந்தது.

"தொண்ணூத்தஞ்சு யாரோடது?"

"சின்னவளோடது மாமா."

"மிஷின் தப்பு."

"காலையில சரியா இருந்ததே."

"மாப்ளே." குரல் தாழ்ந்தது. "பிடி ரப்பர் மாத்தறதுக்கு வந்தேன். அது உங்களால ஆகாதுன்னா விடுங்க."

மேசையில் இருந்த பழைய டிரைவரைத் துண்டில் சுற்றினார். சின்னவளிடம், "ரெண்டரைக்கு மைதானத்துல இரு. பையை நான்தான் தூக்கறேன்," என்றார். போய்விட்டார்.

சின்னவள் விரிப்பில் உட்கார்ந்தாள்.

"ஒன்பது மாசத்துல முதல் தடவையா என்கூட ஆட வர்றேங்கறார். பையைத் தூக்கறேங்கறார். இப்பப் போய் நான் எப்படி அத்தான்?"

"தெரியலை," என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. "மட்டையைப் பத்திக் கேட்டா சொல்லத் தெரியும். ஒரு மணிக்கு ரெடியா இருக்கும். எடுத்துக்கறதும் எடுத்துக்காததும் உன் இஷ்டம்."

தண்டை அரை அங்குலம் வெட்டினேன். புதுப் பிடி போட்டேன். காய இரண்டு மணி நேரம். முதலாளியம்மா வந்து நாடாவைப் பிரித்து, என்ன மட்டை என்று பார்த்தாள்.

"கடைக்கு நேத்துத்தான் வந்தது, தெரியுமா?"

"தெரியும்."

"கொண்டுபோ. ஜெயிச்சா வாசல்ல அவ படத்தை மாட்டறேன். தோத்தா உன் படத்தை மாட்டறேன்."

மூன்றுக்குப் பத்து நிமிடம். முதல் குழிக்கான மேடையில் நிழல் இல்லை. மற்ற நான்கு பேரும் ஒவ்வொருவராக முதல் அடி அடித்துக் கிளம்பிப் போயிருந்தார்கள். சின்னவள் கடைசி. ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால், தொப்பியும் நேரப் பட்டியலுமாக ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் உட்கார்ந்திருந்தார். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டு, பையைத் தோளில் மாட்டி, ஆணி அடித்த மாதிரி நின்றார். ஒன்பது மாதத்தில் அவரை இவ்வளவு நிமிர்ந்து நான் பார்க்கவில்லை.

தொப்பிக்காரர் உட்கார்ந்தபடியே பையில் இருந்த மட்டைகளைப் பென்சிலால் தட்டித் தட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பதினஞ்சு இருக்கே. பதினாலுதான் கணக்கு. ஒண்ணு கூடினாலும் அபராதம் விழும். வெளியே எடுத்துடுங்க. அஞ்சு நிமிஷம் இருக்கு."

மாமனார் பையை இறக்கினார். உறை போட்ட இரண்டு பெரிய தலைகள் அருகருகே இருந்தன. என்னைப் பார்த்தார். பார்வையிலேயே தோலை உரித்தார்.

"உங்க வேலையா?"

"நான்தாம்பா வெச்சேன்," என்றாள் சின்னவள்.

"அப்ப நீயே எடு."

அவள் எடுக்கவில்லை. கையுறையைப் பிரித்தாள், ஒட்டினாள். தண்ணீர் எதிரே தகடு மாதிரி கிடந்தது.

"அம்மாடி," என்றார். குரல் இளகியிருந்தது. "காலையில நீயே பாத்தே. அவ நம்பர், உன் நம்பர். ஒரு மைல் வித்தியாசம் இல்லை. நான் அளந்த ஆளு. எனக்குத் தெரியாதா?"

"வித்தியாசம் இல்லாம அடிக்கறதுக்கு எனக்கு நாலு மாசம் ஆச்சுப்பா."

அவர் புரியாமல் பார்த்தார்.

"அக்கா வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாத்தேன். அவ எங்கே நிக்கறாளோ அங்கே நின்னேன். அவ தோள்ல அடிபட்டதாலதான் அங்கே நிப்பா. எனக்கு ஒண்ணும் இல்லை, சும்மா நின்னேன். நீங்க நிமிந்து பாக்கணும்னு நின்னேன்."

"தோள்ல அடியா?" மாமனார் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றா?"

"சைக்கிள்லேருந்து விழுந்தா மாமா. கல்யாணத்துக்கு முன்னாடியே. சொன்னா ஆட விட மாட்டீங்கன்னு உங்ககிட்டச் சொல்லலை."

"எனக்குத் தெரியாது," என்றார். ஓர் எண் தவறிப்போன மாதிரி மறுபடி சொன்னார். "எனக்குத் தெரியாது."

"மூணு நிமிஷம்," என்றார் தொப்பிக்காரர், மேசையைப் பார்த்து.

சின்னவள் பையிலிருந்து அக்காவின் டிரைவரை உருவினாள். உறையை நேராக்கினாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அப்பா, இது அவளுக்கு அளந்தது. அவளுக்கு மட்டும். நான் இதுல ஆடினா நூத்தியெண்பதுதான் போகும். தண்ணிக்குள்ள விழும். அப்புறம் அவளும் இல்லை, நானும் இல்லை."

மாமனார் வாங்கிக்கொண்டார். டிரைவரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கார் நிற்கும் பக்கம் நடந்தார். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பை புல்லில் கிடந்தது.

நான் போய் அதை எடுத்துத் தோளில் மாட்டினேன். கனம்தான்.

"மாத்தி ஆள் தூக்கலாமா?" என்று தொப்பிக்காரரைக் கேட்டேன்.

"தூக்கறதுக்கு ஆள் கணக்கு இல்லை சார். மட்டைக்குத்தான் கணக்கு. நேரம் ஆச்சு, ஆடுங்க."

அவள் சின்னக் குச்சியை ஊன்றி, அதன்மேல் பந்தை வைத்தாள். பின்னால் நின்று, பந்து போக வேண்டிய கோட்டை ஒருமுறை பார்த்தாள். அப்பா போகும் பக்கம் பார்க்கவில்லை. பார்ப்பாளோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மட்டை மேலே போனது. நிற்கவில்லை.

சத்தம் சுத்தமாக இருந்தது. நல்ல அடிக்கு எதிரொலி கிடையாது, ஒரே ஒரு சொல். பந்து தாழ எழுந்து, ஏறி, தண்ணீருக்கு மேல் சின்னதாகி, அக்கரையில் நடுப் புல்லில் விழுந்து இரண்டு தரம் குதித்தது.

தொப்பிக்காரர் எழுந்து நின்று பார்த்தார். "ம்," என்றார். மத்தியானத்திலிருந்து அவர் எழுந்து நின்றது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன்.

சின்னவள் குச்சியைப் பொறுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். இருபது அடி போய்த்தான் கேட்டாள்.

"அப்பா பாத்தாரா?"

நான் பார்த்திருந்தேன். காருக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அடி விழுந்த சத்தத்துக்குத் திரும்பினார். கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்தார். தலை மெல்ல மேலே போனது, பிறகு இறங்கியது. பந்து விழும்வரை.

"பந்தைப் பாத்தார்," என்றேன்.

"என்னை?"

"அதுக்குள்ள நீ நடக்க ஆரம்பிச்சுட்டே."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. நடை வேகமானது. அது அவளுடைய நடை. பையோடு நான் ஓட வேண்டியிருந்தது.

"இன்னும் எட்டுக் குழி இருக்கு அத்தான். வாங்க, இப்படி நடந்தா நாளைக்குக் காலையிலதான் போய்ச் சேருவோம்."

பின்னால் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மைதானத்துக்குள் வரும் பாதை வேலி முனையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வாசலுக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. இன்னொன்று ஏரியைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் குழிக்குப் பக்கத்தில் முடியும்.

இங்கிருந்து பார்த்தால் மரங்கள்தான் தெரிந்தன. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நான் நின்று காது கொடுத்தேன். சின்னவள் நிற்கவில்லை.